நிலைக்குழு அறிக்கை தேட எந்தத் தளம் தேவலாம்?

காசு கொடுக்காமல் கிடைக்கும் அரசு ஆவணங்களில் நாடாளுமன்றக் குழு அறிக்கைகள் அளவுக்குச் சரக்குள்ளவை வேறு இல்லை என்பேன். ஒரு சின்னத் தகவலுக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, 30 நாள் காத்திருந்து, சுற்றி வளைத்த ஒரு பதிலை வாங்கிக்கொண்டு, மேல்முறையீட்டுக்கும் போகிறோம். அதே தகவலை அமைச்சகம் எப்போதோ ஒரு குழுவுக்கு எழுத்தில் கொடுத்திருக்கும். அது அறிக்கையின் நடுப்பக்கத்தில் அட்டவணையாக அச்சாகிக் கிடக்கும். யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் பி.ஃபார்ம் படித்துவிட்டு மருந்துக்கடையில் பல வருடம் நின்றவள். இப்போது ஒரு நுகர்வோர் அமைப்புக்காக மருந்து விலை, மருந்துத் தரம் சம்பந்தப்பட்ட ஆவணங்களைத் தேடிக் கொடுக்கிறேன். தெரிந்த வக்கீல்கள் சிலரும் கேட்பார்கள். சட்டம் படித்தவர்களுக்கு இதில் பாதி முன்பே தெரிந்திருக்கும். என்னைப் போல வெளியிலிருந்து இதற்குள் வருபவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

தளங்களை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அறிக்கை கிடைப்பதோடு வேலை முடிவதில்லை. குழு ஒன்றைச் சொல்லும், அரசு ஒரு பதில் தரும், அந்தப் பதிலைக் குழு ஏற்கும் அல்லது ஏற்காது. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும். அறிக்கையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, அதன் பின்கதையை எடுக்க விடாமல் அலையவைக்கும் இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் என்னிடம் மதிப்பெண் வாங்காது.

முதலில் சன்சத் டாட் இன். மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் முன்பு தனித்தனி இணையதளங்கள் இருந்தன, இப்போது ஒரே வாசல். ஆனால் உள்ளே நுழைந்ததும் பாதை மறுபடி இரண்டாகப் பிரிகிறது. இந்தப் பிரிவைத் தெரிந்துகொள்ளாமல் தேடுபவர்கள்தான் ‘அப்படி ஒரு அறிக்கையே இல்லை’ என்று திரும்பி வருகிறார்கள். அமைச்சகங்களின் வேலையைத் துறைவாரியாக ஆராயும் துறைசார் நிலைக்குழுக்கள் 1993-இல் 17 ஆகத் தொடங்கி 2004-இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. உறுப்பினர்கள் இரண்டு அவைகளிலிருந்தும் வந்தாலும், 16 குழுக்கள் மக்களவையின் பொறுப்பில், 8 குழுக்கள் மாநிலங்களவையின் பொறுப்பில் நடக்கின்றன. அறிக்கை எந்தப் பக்கத்தில் கிடைக்கும் என்பது அதைப் பொறுத்தது.

என் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு அனுமதி, மருத்துவப் பரிசோதனை, தரக் கட்டுப்பாடு எல்லாம் சுகாதார அமைச்சகத்தின் கீழ் வரும். அதைப் பார்க்கும் நிலைக்குழு மாநிலங்களவைப் பக்கம். மருந்து விலை மட்டும் 2008-இல் உருவான மருந்துகள் துறைக்குப் போய்விட்டது. அந்தத் துறை இருப்பது ரசாயனம் மற்றும் உரங்கள் அமைச்சகத்தில். அதனால் ஒரே மாத்திரையின் பாதுகாப்பைப் பற்றிய அறிக்கை மாநிலங்களவைப் பக்கத்திலும், அதன் விலையைப் பற்றிய அறிக்கை மக்களவைப் பக்கத்தில் யூரியா மானியத்துக்குப் பக்கத்திலும் இருக்கும். சுகாதாரக் குழுவின் பட்டியலை மட்டும் வரி வரியாகப் பார்த்துவிட்டு ‘விலையைப் பற்றிக் குழு ஒன்றும் சொல்லவில்லை’ என்று எழுதிய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். எந்த அமைச்சகம், அந்த அமைச்சகம் எந்தக் குழுவிடம், அந்தக் குழு எந்த அவையிடம் என்ற மூன்றையும் முடிவு செய்துவிட்டுத் தேடத் தொடங்குங்கள்.

அடுத்த சிக்கல் எண். மாநிலங்களவையின் கீழ் உள்ள குழுக்கள் தங்கள் அறிக்கைகளுக்குத் தொடர் எண் போடுகின்றன. சுகாதாரக் குழுவின் 59-ஆம் அறிக்கை என்றால் ஒன்றுதான். மக்களவைக் குழுக்களோ ஒவ்வொரு மக்களவைக்கும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். ஆகவே ‘ரசாயனக் குழுவின் 5-ஆம் அறிக்கை’ என்று அடிக்குறிப்பு போட்டால் அது எதையும் குறிக்காது. எத்தனையாவது மக்களவை என்று சொல்லியே ஆகவேண்டும். செய்தித்தாள்கள் இதை விட்டுவிடும். செய்தியை வைத்துக்கொண்டு மூலத்தைத் தேடும்போது எண்ணை நம்பாமல், அறிக்கை அவையில் வைக்கப்பட்ட தேதியைப் பிடித்துக்கொண்டு போவது நல்லது. பெயர்களும் மாறும். மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2020-இல் கல்வி அமைச்சகம் ஆனது, அதற்கேற்பக் குழுவின் பெயரும் மாறியது. பழைய பெயரில் ஒரு தடவை, புதுப் பெயரில் ஒரு தடவை தேடுங்கள்.

என் அளவுகோலில் சன்சத் தளம் எப்படி? அரசின் பதில்களைப் பற்றிய நடவடிக்கை அறிக்கையும் அதே பட்டியலில் தனி எண்ணோடு இருக்கும். அதன் தலைப்பிலேயே எந்த அறிக்கைக்கான பதில் என்று எழுதியிருக்கும். மூல அறிக்கையைக் கண்டுபிடித்ததும் அங்கிருந்து அதற்குப் பிந்தைய தேதிகளைப் பார்த்துக்கொண்டே போனால் மாட்டிவிடும். ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள்: அமைச்சகம் மூன்று மாதத்தில் பதில் தரவேண்டும் என்பது வழக்கம், அதன்மேல் குழு உட்கார்ந்து அறிக்கை எழுத இன்னும் காலம் பிடிக்கும். இடையில் மக்களவை கலைந்து தேர்தல் வந்துவிட்டால், 16-ஆவது மக்களவையின் அறிக்கைக்கான பதில் 17-ஆவது மக்களவையின் பட்டியலில் கிடக்கும். ‘அரசு பதிலே சொல்லவில்லை’ என்று எழுதுவதற்கு முன் அடுத்த பட்டியலையும் பார்த்துவிடுங்கள். புதிய அறிக்கைகளுக்கு என் முதல் இடம் இந்தத் தளம்தான்.

பழையவற்றுக்கு நாடாளுமன்ற மின்னூலகம். டிஸ்பேஸ் என்ற மென்பொருளில் ஓடுவது, பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டுக் களஞ்சியங்களைப் பார்த்தவர்களுக்கு உடனே பழகிவிடும். குழு, தலைப்பு, தேதி என்று வடிகட்டலாம். விவாதங்களும் இதே கூரைக்குள் இருப்பது பெரிய வசதி. அறிக்கையில் ஒரு பரிந்துரையைப் படித்துவிட்டு, மசோதா அவைக்கு வந்த நாளில் யாராவது அதைத் தூக்கிப் பேசினார்களா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். 1921-இல் தொடங்கிய பொதுக் கணக்குக் குழு, 1950-இல் வந்த மதிப்பீட்டுக் குழு, 1964-இல் வந்த பொதுத்துறை நிறுவனங்கள் குழு என்று பழைய குழுக்களில் வேலை இருப்பவர்கள் நேராக இங்கேதான் வரவேண்டும். 1993-க்கு முந்தைய ஒரு துறையைப் பற்றித் தேடினால் நிலைக்குழுவைத் தேடிப் பயனில்லை, அப்போது இந்த மாதிரி நிலைக்குழுக்கள் இல்லை. மதிப்பீட்டுக் குழுதான் துறை துறையாக எடுத்து அலசிக்கொண்டிருந்தது. இது தெரியாமல் தேடல் பெட்டியோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு.

பழைய அச்சுப் பிரதிகள் ஸ்கேன் செய்யப்பட்டவை என்பதால் சொல் தேடல் எப்போதும் கைகொடுக்காது. ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் எங்கே சறுக்கியதோ அந்தச் சொல் தேடலில் வராது. எந்த ஸ்கேன் நூலகத்துக்கும் இது பொருந்தும். நான் உள்ளடக்கப் பக்கத்தையும் பரிந்துரைத் தொகுப்பையும் கண்ணால் பார்த்துவிடுவேன். பழைய அறிக்கைகளின் உள்பக்கத்தில் அன்றைய விலை அச்சிட்டிருக்கும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம், கடைக்காரப் புத்தி!

தமிழில் படிக்கலாமா என்று கேட்பீர்கள். முடியாது. அறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகின்றன. நம் சட்டமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு எல்லாம் வேறு கதை, அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

மூன்றாவது பிஆர்எஸ். 2005-இல் தில்லியில் தொடங்கிய ஆய்வு அமைப்பு. ஒரு மசோதாவின் பக்கத்தைத் திறந்தால் அறிமுகமான வடிவம், குழுவின் அறிக்கை, நிறைவேறிய வடிவம் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். மசோதாவை மையமாக வைத்துத் தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. அறிக்கைகளுக்குச் சுருக்கங்களும் உண்டு, ஒரு பக்கம், இரண்டு பக்கம், தெளிவான நடை. நூறு பக்கம் படிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அது போதும். மேற்கோள் காட்ட அது போதாது, சுருக்கத்தில் பத்தி எண்ணை எதிர்பார்க்க முடியாது. எல்லா மசோதாவும் குழுவுக்குப் போவதில்லை என்பதையும் இவர்களுடைய கணக்கிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்: 15-ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுவுக்குப் போயின, 17-ஆவது மக்களவையில் 16 சதவீதம். நீங்கள் தேடும் மசோதாவுக்கு அறிக்கை கிடைக்கவில்லை என்றால் தளத்தின்மேல் சந்தேகப்படுவதற்கு முன் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

மசோதா அறிக்கைகளில் ஒரு எச்சரிக்கை. குழு பார்த்தது ஒரு வடிவம், சட்டமாக வந்தது இன்னொரு வடிவம். வாடகைத்தாய் மசோதா நல்ல உதாரணம். 2016-இல் வந்த மசோதாவைச் சுகாதாரக் குழு ஆராய்ந்து 2017 ஆகஸ்டில் தன் 102-ஆம் அறிக்கையை வைத்தது. வாடகைத்தாய்க்கு இழப்பீடு தரும் முறை வேண்டும், உறவுக்காரப் பெண் இலவசமாகச் சுமக்கவேண்டும் என்பது சரிப்படாது என்று வாதிட்டது. மசோதா 2019-இல் மக்களவையோடு காலாவதியானது. மறுபடி வந்தது, இந்த முறை அந்த ஒரு மசோதாவுக்காக அமைத்த மாநிலங்களவைத் தேர்வுக் குழுவுக்குப் போனது, அது 2020 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. 2021 டிசம்பரில் சட்டமானபோதும் பணம் தராத முறைதான் நின்றது. இரண்டு அறிக்கைகளில் ஒன்றை மட்டும் எடுத்துச் சட்டத்துக்குப் பொருள் சொல்பவர் எங்கேயோ கொண்டுபோய் நிறுத்திவிடுவார். தரவுப் பாதுகாப்பு மசோதாவில் இதற்கும் மேல்: இரு அவைகளின் கூட்டுக் குழு இரண்டு வருடம் உட்கார்ந்து 2021 டிசம்பரில் 81 திருத்தங்களோடு அறிக்கை வைத்தது, 2022 ஆகஸ்டில் அரசு மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்காக அந்த அறிக்கை வீண் என்று சொல்லமாட்டேன். ஜெய்ராம் ரமேஷ் உள்ளிட்ட உறுப்பினர்கள் கொடுத்த மாற்றுக்கருத்துக் குறிப்புகள் அறிக்கையின் பின்பகுதியில் இருக்கின்றன. அரசு அமைப்புகளுக்கு விலக்கு தருவதைப் பற்றிய வாதத்துக்கு இன்றும் அங்கேதான் போகவேண்டும். மாற்றுக்கருத்துக் குறிப்பைப் படிக்காமல் அறிக்கையை மூடிவைக்காதீர்கள்.

இனி பெயர் சொல்லாமல் இரண்டு. ஒரு கட்டணத் தரவுத்தளத்துக்கு எங்கள் அமைப்பு ஆண்டுச் சந்தா கட்டியது. ‘குழு அறிக்கைகள் முழுவதும் சொல் தேடலோடு’ என்று விற்றார்கள். கட்டிய பிறகு பார்த்தால் தேடல் தலைப்பை மட்டும்தான் தொடுகிறது, உள்ளே சொடுக்கினால் அரசு தளத்தில் இலவசமாக இருக்கும் அதே பிடிஎஃப் திறக்கிறது. நடவடிக்கை அறிக்கைகள் ஒன்றுகூட மூல அறிக்கையோடு இணைக்கப்படவில்லை. கேட்டதற்கு ‘அடுத்த பதிப்பில் வரும் மேடம்’ என்றார்கள். அப்புறம் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொண்டது, அது வேறு பஞ்சாயத்து. தீர்ப்புகளுக்காக அந்தத் தளம் வேண்டும் என்றால் வாங்குங்கள். குழு அறிக்கைக்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, நீளமான ஆவணத்தைச் சுருக்கித் தரும் ஒரு செயலி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அறிக்கையைப் படிக்கும் விதத்தோடு சம்பந்தப்பட்டது.

நிலைக்குழு அறிக்கையில் ஒரே குரல் பேசுவதில்லை. ஒரு பத்தியில் அமைச்சகம் எழுத்தில் சொன்னது, அடுத்த பத்தியில் சாட்சியாக வந்த நிறுவனமோ நிபுணரோ சொன்னது, அதற்கடுத்து அதிகாரி நேரில் சொன்ன விளக்கம், கடைசியில் குழுவின் கருத்து. குழுவின் பரிந்துரையைத் தடித்த எழுத்தில் அச்சிடுவது வழக்கம். கண்ணால் படிப்பவருக்குச் சிரமமே இல்லை. ஆனால் பிடிஎஃப்பிலிருந்து வெறும் உரையாக உருவி எடுத்ததும் தடிமன் போய்விடும், எல்லாக் குரலும் ஒன்றாகிவிடும். நான் ஒரு அறிக்கையைக் கொடுத்தபோது அந்தச் செயலி அமைச்சகத்தின் சமாதானத்தை ‘குழு கண்டறிந்தது’ என்று எழுதிக் கொடுத்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் வாக்குமூலத்தைத் தீர்ப்பு என்று படித்த மாதிரி. அதை நம்பி மனுவில் போட்டிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்றைக்குத் தீபாவளி. அட்டவணையை உருவவும், எந்தப் பக்கத்தில் ஒரு மருந்தின் பெயர் வருகிறது என்று காட்டவும் இத்தகைய செயலிகள் போதும். யார் சொன்னது என்ற கேள்விக்கு பிடிஎஃப்பைத் திறந்து தடித்த எழுத்தைப் பாருங்கள்.

இந்தத் தளங்களையெல்லாம் வைத்து என்னதான் எடுக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது சுகாதாரக் குழுவின் 59-ஆம் அறிக்கை, 2012 மே மாதம் வந்தது. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் செயல்பாட்டைப் பற்றியது. மருந்துக்கடையில் நின்றவள் என்பதால் எனக்கு அது திகில் கதை. குழு 42 மருந்துகளின் கோப்புகளைக் கேட்டது. அதில் பெஃப்லாக்சசின், லோமெஃப்லாக்சசின், ஸ்பார்ஃப்லாக்சசின் ஆகிய மூன்றின் கோப்புகளைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று அமைச்சகம் பதில் தந்தது. இவற்றில் சிலவற்றை நானே சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். 2008 ஜனவரியிலிருந்து 2010 அக்டோபர் வரை 31 மருந்துகள் இந்திய நோயாளிகளிடம் பரிசோதனை செய்யப்படாமலே அனுமதி பெற்றன என்று அறிக்கை சொல்கிறது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் நிபுணர்கள் ‘இந்த மருந்து நல்லது’ என்று எழுதிய கடிதங்கள் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்ததையும் குழு எடுத்து வைத்தது. தலைமையகத்தில் ஒன்பது அதிகாரிகள் வருடத்துக்கு 20,000 விண்ணப்பங்களைக் கையாள்கிறார்கள் என்ற கணக்கும் அதிலேயே இருக்கிறது. குற்றச்சாட்டையும் அதற்கான ஒரு காரணத்தையும் ஒரே ஆவணத்தில் படிப்பது நல்லதுதான், பத்திரிகைச் செய்தியில் முதல் பாதி மட்டும்தான் வந்தது.

பெரும்பாலானவர்கள் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். 2013-இல் வந்த 66-ஆம் அறிக்கைதான் இதற்கான நடவடிக்கை அறிக்கை. இந்த வகை அறிக்கைகளின் அமைப்பு எல்லாக் குழுக்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரைகள் ஒரு அத்தியாயம், அரசின் பதிலைப் பார்த்துக் குழு மேற்கொண்டு வற்புறுத்தாதவை ஒரு அத்தியாயம், அரசின் பதிலைக் குழு ஏற்காதவை ஒரு அத்தியாயம், இறுதிப் பதில் வராதவை ஒரு அத்தியாயம். மக்களவைக் குழுக்களில் முதல் அத்தியாயம் குழுவின் அறிக்கைக்கே போய்விடுவதால் ‘ஏற்காதவை’ நான்காவதாக வரும். எண்ணைப் பார்க்காமல் தலைப்பைப் பார்த்துப் போங்கள்.

நான் திறந்ததும் நேராகப் போவது அந்த ஏற்காத அத்தியாயத்துக்குத்தான். அங்கேதான் இரண்டு பக்கமும் முகமூடி இல்லாமல் நிற்கும். ‘ஏற்றுக்கொள்ளப்பட்டவை’ என்ற அத்தியாயத்தை உடனே நம்பிவிடாதீர்கள். ‘குழுவின் ஆலோசனை கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்ற ரகப் பதிலும் ஏற்றுக்கொண்ட கணக்கில் போய்ச் சேரும். எத்தனை சதவீதப் பரிந்துரைகள் ஏற்கப்பட்டன என்று கணக்குப் போட்டு ஆய்வேடு எழுதுபவர்கள் ஒவ்வொரு பதிலையும் படித்துவிட்டு அந்தச் சதவீதத்தை எழுதினால் நல்லது. இதற்குப் பின்னும் நூல் அறுந்துவிடாது. மக்களவைக் குழுக்களில் முதல் அத்தியாயத்துக்கும் ஐந்தாம் அத்தியாயத்துக்கும் அரசு தரும் மேல்நடவடிக்கைக் கூற்று பிறகு அவையில் வைக்கப்படும். மக்களவைத் தலைவரின் 73ஏ நெறிமுறையின்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை அமைச்சர் தன் துறையின் அறிக்கைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று அவையில் அறிக்கை தரவேண்டும். இதை நிலைக்குழுப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது, அவை நடவடிக்கைகளில் தேடவேண்டும். மின்னூலகத்தில் விவாதங்கள் சேர்ந்திருப்பதை மேலே பாராட்டினேனே, அது இதற்காகவும்தான்.

நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்பது அடுத்த கேள்வி. அன்றைய ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போட்டு நடத்திய ஆய்வைப் பற்றி 2013 ஆகஸ்டில் சுகாதாரக் குழு தன் 72-ஆம் அறிக்கையைக் கொடுத்தது. ஆந்திரத்தில் 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 கைநாட்டு, 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்களின் கையெழுத்து என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. இந்த விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாமா என்பதே தனிக் கேள்வியாகி ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு வந்தது. கல்பனா மேத்தா வழக்கில் 2018 மே 9-இல் தீர்ப்பு. பார்க்கலாம், சட்டத்துக்குப் பொருள் காணத் துணையாகக் கொள்ளலாம், அப்படி ஒரு அறிக்கை இருக்கிறது என்பதை நீதிமன்றம் தானாகக் கவனத்தில் எடுக்கலாம். ஆனால் அறிக்கை செல்லுமா செல்லாதா என்று நீதிமன்றத்தில் கேள்வி எழுப்ப முடியாது. தகராறுள்ள ஒரு உண்மையை ‘குழு சொல்லிவிட்டது’ என்பதை மட்டும் காட்டி நிரூபிக்கவும் முடியாது, தனியாக ஆதாரம் வேண்டும். ஆய்வாளர்களும் ஏறக்குறைய இதே எல்லையில் நின்றுகொள்ளலாம். கைநாட்டுக் கணக்கைக் குழுவுக்கு யார் கொடுத்தார்கள் என்று பார்த்து அவர்கள் பெயரில் எழுதுங்கள், அதன்மேல் குழு சொன்ன முடிவைக் குழுவின் முடிவு என்று எழுதுங்கள்.

மேற்கோள் காட்டும் விதத்தில் எனக்குப் பாடம் எடுத்தது மதுரைக் கிளையில் வழக்காடும் ஒரு இளம் வக்கீல். “அக்கா, பக்க எண் வேண்டாம், பத்தி எண் குடுங்க. இணையப் பிரதிக்கும் அச்சுப் பிரதிக்கும் பக்கம் மாறிடும், பத்தி மாறாது” என்றார். அதிலிருந்து நான் கொடுக்கும் குறிப்பில் குழுவின் பெயர், மக்களவைக் குழு என்றால் எத்தனையாவது மக்களவை, அறிக்கை எண், தலைப்பு, அவையில் வைத்த தேதி, பத்தி எண் எல்லாம் இருக்கும். இணைய முகவரியைக் கடைசியில்தான் போடுவேன். பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினால் 164.100.47 என்று தொடங்கும் எண் முகவரிகள் அடிக்குறிப்பில் வரிசையாக நிற்கும். தளம் மாறிய பிறகு அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிடிஎஃப்பைத் தரவிறக்கி, குழு-எண்-தேதி என்று பெயர் மாற்றிச் சேமித்துவிடுங்கள். நடவடிக்கை அறிக்கையையும் அதே உறைக்குள் போடுங்கள். தளங்கள் செய்யாத இணைப்பை நம் கணினியிலாவது செய்துகொள்ளலாம்.

ஒரு வகை அறிக்கையை மட்டும் இதுவரை சொல்லவில்லை, நான் அதிகம் திறப்பது அதைத்தான். பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் நிலைக்குழுக்கள் உட்கார்ந்து தங்கள் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளை, அதாவது அந்த வருடச் செலவுக்கு அது அவையிடம் கேட்கும் தொகையை, ஆராயும். அந்த அறிக்கைகள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும். பரபரப்பு எதுவும் இருக்காது, செய்தியிலும் வராது. திட்டம் திட்டமாக எவ்வளவு ஒதுக்கினார்கள், திருத்திய மதிப்பீட்டில் எவ்வளவாகக் குறைத்தார்கள், உண்மையில் எவ்வளவு செலவானது என்று சில வருடங்களின் கணக்கு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஏன் செலவாகவில்லை என்று குழு கேட்க, அமைச்சகம் எழுத்தில் பதில் சொல்லியிருக்கும். காலிப் பணியிடங்களின் எண்ணிக்கையும் வரும். மக்கள் மருந்தகங்களுக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்று யாராவது கேட்டால் பட்ஜெட் ஆவணங்களுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளாமல் ரசாயனக் குழுவின் மருந்துகள் துறை மானியக் கோரிக்கை அறிக்கையை எடுத்துப் பாருங்கள் என்பேன். போன வருடத்து அறிக்கையையும் சேர்த்து எடுங்கள், அதே கேள்விக்கு அமைச்சகம் அப்போது என்ன சொன்னது என்று ஒப்பிட்டுப் பார்க்க.